மலையில் ஏழு ஏக்கரும் பழைய பெரிய வீடும்: அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கேள்வி, 2 பிப்ரவரி 2025

அண்ணன் குடும்பம், எங்கள் குடும்பம், அம்மா, அப்பா என்று மொத்தம் பதினோரு பேர். மதுரையில் இருக்கிற இரண்டு வீட்டையும் விற்றுவிட்டு, கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி பக்கம் ஏழு ஏக்கர் காப்பித் தோட்டத்தோடு ஒரு பழைய பெரிய வீடு வாங்கலாம் என்று பேச்சு. ஏழு அறை, ஓட்டுக்கூரை, வீட்டுக்கு மேலே ஊற்று, வற்றாத ஊற்று என்கிறார் விற்பவர். போன வாரம் போய்ப் பார்த்தோம், எல்லாருக்கும் பிடித்துவிட்டது, படமும் போட்டிருக்கிறேன். பத்திரம் சரியாக இருக்கிறது என்று வக்கீல் சொல்கிறார். அட்வான்ஸ் கொடுக்கலாமா? மலையில் வாங்கியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

2 பிப்ரவரி, இரவு

இப்போது கொடுக்காதீர்கள். வாங்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. நீங்கள் போய்ப் பார்த்தது தை மாதம். வடகிழக்கு மழை முடிந்து ஊற்றெல்லாம் நிறைந்து, மிளகு கொடியில் தொங்கி, வெயிலும் சுகமாக இருக்கிற மாதம். தையில் பார்த்தால் எந்த மலை நிலமும் பிடிக்கும். சித்திரையில் ஒரு தடவையும் ஐப்பசி மழையில் ஒரு தடவையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஐப்பசி வரை விற்பவர் காத்திருக்க மாட்டார் என்றால் சித்திரையாவது பாருங்கள்.

நாங்கள் 2016-இல் அதே மலையில் ஆறு ஏக்கரும் எட்டு அறை வீடும் வாங்கினோம். நானும் கணவரும், கொழுந்தனார் குடும்பம், என் மாமியாரான அத்தை, பிள்ளைகள் என்று ஒன்பது பேர். மூன்று பேர் பெயரில் பத்திரம்: அத்தை, கணவர், கொழுந்தனார். இரண்டே தடவை பார்த்து வாங்கினோம், இரண்டும் தை மாதம்தான். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

3 பிப்ரவரி

தண்ணீரில் இருந்து தொடங்குகிறேன். "வற்றாத ஊற்று" என்று விற்பவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், பொய் சொல்கிறார்கள் என்றும் இல்லை, வற்றாது என்பதற்கு அவர்கள் கணக்கு வேறு. ஒரு பத்து லிட்டர் வாளியை எடுத்துக்கொண்டு போய்க் குழாய் முனையில் வைத்து, நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். எங்கள் ஊற்று தை மாதம் 14 நொடியில் நிரப்பும். 2016-இல் வடகிழக்கு மழை தமிழ்நாடு முழுக்கப் பொய்த்தது நினைவிருக்கும். அடுத்த சித்திரையில் அதே வாளிக்கு 50 நொடி ஆனது. அதாவது நிமிடத்துக்கு 12 லிட்டர், ஒரு நாளைக்கு 17,000 லிட்டர். ஒன்பது பேர் குளிக்க, துவைக்க, சமைக்க இது தாராளம்.

ஆனால் காப்பிக்கு? மாசி, பங்குனியில் காப்பியைப் பூக்க வைக்கிற பூ மழை வராவிட்டால் நாமே நனைக்க வேண்டும். ஓர் ஏக்கரை ஓர் அங்குலம் நனைக்க ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் வேண்டும். எங்களுக்குக் காப்பி நாலு ஏக்கர். ஊற்றுத் தண்ணீர் முழுவதையும் தோட்டத்துக்கே விட்டாலும் 24 நாள் பிடிக்கும், அதற்குள் மொட்டு கருகிவிடும். அந்த வருடம் அப்படித்தான் கருகியது.

3 பிப்ரவரி, இரவு

ஊற்றே நம் நிலத்தில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். எங்களுடையது வீட்டில் இருந்து அறுநூறு மீட்டர் மேலே, பக்கத்துத் தோட்டத்தின் மூலையில் இருக்கிறது. பாறை இடுக்கில் சிமென்ட் தொட்டி, ஒரு சாக்குப்பை அளவுதான் இருக்கும். அதில் இருந்து கருப்பு ஓஸ் கீழே வருகிறது. ஓஸ் வாயில் பழைய மாவுச் சல்லடையின் கம்பிவலையை மடித்துக் கட்டியிருக்கிறோம். தண்ணீர் நின்றுவிட்டால் காரணம் மூன்றில் ஒன்று: வலையில் இலை அப்பியிருக்கும், நண்டு போய் அடைத்திருக்கும், இல்லை காட்டுமாடு ஓஸை மிதித்து நசுக்கியிருக்கும். ராத்திரி பத்து மணிக்குத் தண்ணீர் நின்றால் விடிந்த பிறகுதான் ஏறிப் பார்க்க முடியும். இருட்டில் காட்டுமாடு நிற்கிற இடத்துக்கு யாரையும் அனுப்பக் கூடாது.

5 பிப்ரவரி

நேற்று முன்தினம் எழுதியதில் ஒரு திருத்தம். நாளைக்கு 17,000 லிட்டர் என்றேன். அது தேக்கி வைக்க இடம் இருந்தால்தான். முதல் இரண்டு வருடம் எங்களிடம் 2,000 லிட்டர் தொட்டி ஒன்றுதான், அது மூன்று மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும், மீதி ராத்திரி முழுக்க வழிந்து ஓடையில் போகும். பெரிய தொட்டி கட்ட வேண்டும் என்றால் சிமென்டும் மணலும் லாரியில் ஏற வேண்டும். பாதை அகலம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. எட்டடியாவது இருக்கட்டும். பாதை பாத்தியம், அதாவது அந்த வழியில் போய்வரும் உரிமை, பத்திரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

9 பிப்ரவரி

நிலக் கணக்கு. ஏழு ஏக்கர் என்று சொன்னால் "பட்டாவில் ஏழா, அனுபவத்தில் ஏழா" என்று முதலில் கேளுங்கள். மலையில் இந்தப் பேச்சு சகஜம்: பட்டா ஐந்து, அனுபவம் இரண்டு, விலை ஏழுக்கு. அந்த இரண்டு புறம்போக்காக இருக்கும், இல்லாவிட்டால் வனத்துறைக் கல்லுக்கு அந்தப்பக்கம் இருக்கும். பட்டாவில் ஹெக்டேரும் ஏரும்தான் போட்டிருப்பார்கள். ஓர் ஏர் ஏறக்குறைய இரண்டரை சென்ட். ஏழு ஏக்கர் என்றால் 2 ஹெக்டேர் 83 ஏர் அளவில் வர வேண்டும். சிட்டாவையும் புலப்படத்தையும் கையில் வைத்துக்கொண்டு, சர்வேயரோடு கல் கல்லாக நடந்து பாருங்கள்.

சரிவில் நடக்கும்போது இடம் பெரிதாகத் தெரியும், ஏனென்றால் அளவை மட்டமாகத்தான் கணக்கிடுகிறார்கள். முப்பது டிகிரி சரிவில் கால் நடக்கிற தரை, காகிதத்தில் இருப்பதைவிட 15 விழுக்காடு அதிகம். அதைப் பார்த்துவிட்டு "இவ்வளவு இருக்கே" என்று கொழுந்தனார் அன்றைக்கு விலை பேசிவிட்டார்.

வில்லங்கம் போட்டுப் பார்த்தது போதாது. யு.டி.ஆர். (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) பதிவுகளுக்கு முந்தைய பழைய அ-பதிவேட்டையும், அதாவது கிராம நிலப் பதிவேட்டையும், எடுத்துப் பாருங்கள். விற்கக் கூடாது என்பது போன்ற நிபந்தனையோடு அரசு பட்டா கொடுத்த நிலம் நடுவில் கை மாறி வந்திருந்தால் அங்கேதான் தெரியும். பஞ்சமி நிலமாக இருந்தால் தொடவே கூடாது. அது 1892-க்குப் பிறகு ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று கொடுத்தது, அவர்களுக்கு உரியது. எத்தனை கை மாறி வந்திருந்தாலும் அது மாறாது.

இன்னொன்று, 1949-ஆம் ஆண்டு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம். அதன் கீழ் அந்த சர்வே எண் வந்திருந்தால் முன் அனுமதி இல்லாமல் விற்கவே முடியாது. பட்டா பக்காவாக இருக்கும், ஆனாலும் பத்திரப் பதிவு நின்றுபோகும். 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது, சொந்த நிலத்து மரம் என்றாலும் வெட்ட அனுமதி வாங்க வேண்டும். "சில்வர் ஓக்கை வெட்டி விற்றாலே பாதிப் பணம் வந்துவிடும்" என்று தரகர் சொன்னால் நம்பி அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பதிவுச் செலவு: நாங்கள் வாங்கியபோது எட்டு விழுக்காடு, நடுவில் பதினொன்று வரை போய், 2023-இல் ஒன்பதுக்கு இறங்கியது.

10 பிப்ரவரி

வெளியூர்க்காரர் விவசாய நிலம் வாங்கலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். தமிழ்நாட்டில் வாங்கலாம், விவசாயியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இங்கே இல்லை.

16 பிப்ரவரி

இன்று ஞாயிறு, நேரம் இருக்கிறது, வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வடக்குச் சுவரில் தரையில் இருந்து மூன்றடி உயரத்துக்குச் சுண்ணாம்பு உரிந்திருக்கிறது. புதிதாக வெள்ளை அடித்தும் உரிந்திருக்கிறது. மேல் சரிவில் இருந்து இறங்குகிற தண்ணீர் அஸ்திவாரத்தில் ஊறுகிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டிலும் இதே கதை. இரண்டு கொத்தனாரை வைத்து உள்ளே பூசினோம், ஒரே மழையில் திரும்பவும் வந்தது. மூன்றாவதாக வந்த பண்ணைக்காட்டுப் பெரியவர் சுவரைத் தொடவே இல்லை. வீட்டுக்குப் பின்னால் போய், மண்மேட்டுக்கும் சுவருக்கும் நடுவே மூன்றடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, ஜல்லி நிரப்பி, ஓடைப் பக்கம் திருப்பிவிட்டார். அடுத்த கோடையில் சுவர் தானாகக் காய்ந்தது.

ஓட்டுக்கூரையைக் கீழே இருந்து பார்க்காதீர்கள். ஏணி போட்டு மேலே ஏறி, ஓடுகளைத் தாங்குகிற கைமரத்தின் முனைகளை ஒரு ஆணியால் குத்திப் பாருங்கள். சுவருக்குள் புதைந்திருக்கிற முனைதான் முதலில் மக்கும். எங்கள் வீட்டில் முப்பத்தாறு கைமரத்தில் பதினொன்றை மாற்ற வேண்டியிருந்தது.

எட்டு அறை என்று ஆசைப்பட்டு வாங்கினோம். கார்த்திகை, மார்கழியில் ஒன்பது பேரும் அடுப்படியில்தான் இருப்போம், ஏனென்றால் விறகு எரிவது அங்கேதான். ஒரு மழைக்காலம் முழுக்கத் திறக்காத அறையில் பூஞ்சணம் பிடிக்கும். அத்தையின் கூறைப்புடவையைப் பீரோவில் வைத்திருந்தோம். ஆறு மாதம் கழித்து எடுத்தால் அரக்குப் பட்டின் மேல் மாவு தூவியது போல வெள்ளை. வெயிலில் போட்டுத் துடைத்தோம், ஜரிகை மட்டும் கறுத்தபடியே இருக்கிறது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை, இப்போதும் அதைப் பார்த்தால் கஷ்டமாக இருக்கிறது. அன்றில் இருந்து ஆள் இருக்கிறதோ இல்லையோ, வாரம் ஒரு நாள் எல்லா அறையையும் திறந்து வைக்கிறோம்.

2 மார்ச்

"வயதான அம்மா அப்பா மலையில் தாக்குப்பிடிப்பார்களா" என்று கேட்டிருந்தீர்கள். முதல் வருடம் அத்தை தினமும் திண்டுக்கல் வீட்டைப் பற்றியே பேசுவார்கள். குளிர், முட்டிவலி, கோயிலுக்குப் போக ஏற்றம். இவரும் கொழுந்தனாரும் அம்மாவுக்காகத்தான் வாங்கினோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், அம்மாவோ கீழே போகலாம் என்று அழுதுகொண்டிருந்தார்கள். பிறகு பின்கட்டில் அவரை, பூசணி, பட்டர்பீன்ஸ் என்று சின்னதாகத் தோட்டம் போட்டார்கள். தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து மிளகு நாற்று வாங்கி வரச் சொல்லி, நின்று பார்த்து நட வைத்தார்கள். இப்போது 76 வயது. நாங்கள் கூப்பிட்டாலும் கீழே வர மாட்டேன் என்கிறார்கள்.

பிள்ளைகள் கதை நேர்மாறு. பெரியவள் ஒன்பதாம் வகுப்பில் கீழே விடுதிக்குப் போனாள், கொழுந்தனார் மகனும் போனான். அவர்கள் படிப்புக்காகக் கொழுந்தனார் மனைவி திண்டுக்கல்லில் வாடகைக்கு வீடு எடுத்தார். ஒன்பது பேர் என்று வாங்கிய வீட்டில் இப்போது நாள்தோறும் இருப்பது நாலு பேர். உங்கள் பதினோரு பேரில் ஐந்து வருடம் கழித்து யார் யார் அங்கே இருப்பார்கள் என்று பெயர் போட்டு எழுதிப் பாருங்கள். அண்ணனும் நீங்களும் தனித்தனியே எழுதி, பிறகு ஒன்றாக வைத்துப் பாருங்கள்.

பத்திரம் யார் பெயரில், யார் எவ்வளவு பணம், ஒருவர் விலக வேண்டும் என்றால் எந்த விலைக்கு மற்றவர் எடுத்துக்கொள்வது, இதெல்லாம் வாங்குவதற்கு முன்பே பேசி எழுதிவிடுங்கள். நாங்கள் பேசவில்லை. 2019-இல் கொழுந்தனார் ஒரு கடனுக்காகத் தன் பாகத்தைக் கேட்டார். பிரிபடாத பாகத்தை வெளியார் யாரும் வாங்க மாட்டார்கள், எங்களிடமும் பணம் இல்லை. நல்ல மனிதர், ஆனாலும் ஏழு மாதம் எங்களோடு பேசவில்லை.

3 மார்ச்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டுக் கொழுந்தனார் போன் செய்தார். ஏழு மாதம் இல்லையாம், ஐந்து மாதமாம். சரி, ஐந்து.

21 மார்ச்

கஜா புயலில் மலை எப்படி இருந்தது என்று கேட்டவருக்கு. 2018 நவம்பர் 16. வேதாரண்யம் பக்கம் கரை ஏறிய புயல் திண்டுக்கல் மலைக்கு வரும்போது அடங்கிவிடும் என்று நினைத்தோம். சில்வர் ஓக் ஒன்று கிழக்கு அறையின் மேல் விழுந்தது. அந்த அறையில் யாரும் படுக்கவில்லை. நாலு நாள் எங்களால் கீழே இறங்க முடியவில்லை, பதினொரு நாள் கரண்ட் இல்லை. மரத்தை வெட்டி வழி எடுத்தது அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களும் பளியர் குடியிருப்பில் இருந்து வந்த ஆறு பேரும்தான். வீட்டுக்கு எட்டும் தூரத்தில் நிற்கிற உயரமான மரங்களை எண்ணிப் பார்த்துவிட்டு வாருங்கள், உங்கள் படத்தில் நாலு தெரிகிறது.

யானை உங்கள் பக்கம் வரும், பலாவும் மலைவாழையும் இருந்தால் கண்டிப்பாக வரும். வேலி போடலாம் என்றால் சோலார் மின்வேலிக்கு 2023-இல் தனி விதிகள் வந்திருக்கின்றன, பதிவு செய்துதான் போட வேண்டும். நாங்கள் போடவில்லை. பழுத்த பலாவை மரத்தில் விடுவதில்லை, அவ்வளவுதான்.

6 ஏப்ரல்

பாதை. இதை முதல் நாளே விரிவாக எழுதியிருக்க வேண்டும், எழுத மனசு வரவில்லை.

5 பிப்ரவரி குறிப்பில் "எட்டடி, பத்திரத்தில் பாத்தியம்" என்று ஒரே வரியில் முடித்தேன். இரண்டும் போதாது. எங்கள் பத்திரத்தில் பாத்தியம் இருந்தது. "மாமூல் நடைபாதை வழியாகப் போய்வரும் பாத்தியம் சகிதம்" என்று தெளிவாக எழுதியிருந்தது. அது நடைபாதை. வண்டிப்பாதை என்று எழுதவில்லை. வாங்கும்போது ஜீப்பில் வீட்டு வாசல் வரை போய் இறங்கினோம், அதனால் அந்த ஒரு சொல் எங்கள் யார் கண்ணிலும் படவில்லை, பத்திரம் பார்த்தவர் கண்ணிலும் படவில்லை.

கீழ்த்தோட்டத்து அண்ணன் நிலத்தில் 220 அடி தூரம் கடக்க வேண்டும். ஆறு வருடம் ஒரு நாள்கூட அவர் ஒன்றும் சொன்னதில்லை. "உங்க பாதைதாம்மா, போய்ட்டு வாங்க" என்பார். 2022-இல் அவர் இறந்துபோனார். அடுத்த மாதம் அவர் மகன் பாதையின் வாயில் இரண்டு கல்லுக்கால் நட்டார், நடுவில் மூன்றடி. ஆள் போகலாம், பைக் போகலாம். அவர் மேல் முழுத் தப்பும் சொல்ல மாட்டேன், அவர் பத்திரத்திலும் எங்கள் பத்திரத்திலும் இருப்பது நடைபாதைதான்.

வக்கீலைப் பார்த்தோம். அடுத்தவர் நிலத்தில் வழி போன்ற உரிமைகளைப் பற்றிய 1882-ஆம் ஆண்டு ஈஸ்மெண்ட் சட்டப்படி இருபது வருடம் தடையில்லாமல், உரிமையோடு பயன்படுத்தியிருந்தால் கேட்கலாம் என்றார். ஆனால் ஒருவர் அனுமதித்து நாம் போய்வந்தால் அது உரிமைக் கணக்கில் வராதாம். அண்ணன் ஆறு வருடம் அன்பாகச் சொன்னது முழுக்க அனுமதியாகிவிட்டது. அவர் இருக்கும்போதே ஒரு தாளில் எழுதிப் பதிந்திருந்தால் மறுநாளே கையெழுத்துப் போட்டிருப்பார். கேட்கக் கூச்சப்பட்டோம்.

2023 ஆனியில் அத்தை களத்தில் வழுக்கி விழுந்தார்கள், இடுப்பெலும்பு. டோலி கட்டி, அந்த 220 அடியையும் அதற்கு மேல் எங்கள் சரிவையும் நாலு பேர் தூக்கி, தார்ச்சாலைக்குக் கொண்டுவர முக்கால் மணி நேரம். மழை வேறு. அந்தக் கல்லுக்கால் இடைவெளியில் டோலிக் கம்பு இடித்தது, அப்போது அத்தை கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அங்கிருந்து திண்டுக்கல்லுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். தப்பித்தார்கள், இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார்கள்.

அந்த டோலியைத் தூக்கிய நாலு பேரில் ஒருவர் அந்த மகன்.

7 ஏப்ரல்

எட்டடி என்று எழுதியதையும் மாற்றுகிறேன். பன்னிரண்டு அடி கேளுங்கள். எட்டடியில் ஜீப் போகும், ஆம்புலன்ஸ் வளைவில் திரும்பாது.

27 ஏப்ரல்

சித்திரையில் வாளி வைத்துப் பார்த்துவிட்டு வந்ததாக எழுதியிருக்கிறீர்கள், ரொம்ப சந்தோஷம். 35 நொடி என்றால் எங்களைவிட நல்ல ஊற்று. தொட்டிக்கு மட்டும் செலவு ஒதுக்குங்கள். பத்திரத்தில் "மாமூல் பாதை" என்று மட்டும் இருப்பதாகச் சொல்கிறீர்கள். அப்படியே விடாதீர்கள். வழியில் யார் யார் நிலம் வருகிறதோ அவர்கள் எல்லாரும் உங்கள் பதிவு நாளிலேயே வந்து, அகலம், நீளம், சர்வே எண், வண்டிப்பாதை என்று போட்டுத் தனிப் பத்திரம் எழுதித் தர வேண்டும் என்று விற்பவரிடம் சொல்லுங்கள். இப்போது அவருக்குப் பணம் தேவை, அவரே போய்ப் பேசுவார். நீங்கள் குடிவந்த பிறகு கேட்டால் அது வேறு பேச்சு.

18 மே

இரண்டு நிலக்காரரில் ஒருவர் சம்மதித்துவிட்டார், இன்னொருவர் மறுக்கிறார், என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். அட்வான்ஸ் கொடுக்காமல் பொறுத்திருங்கள். அவருக்கு என்ன வேண்டும் என்று போய்க் கேளுங்கள், பணமாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. எங்கள் விஷயத்தில் அந்தத் தம்பிக்குத் தேவைப்பட்டது ஓடைக்கரையில் எங்களிடம் சும்மா கிடந்த ஒரு துண்டு, அவருடைய காப்பிக்கு மோட்டார் வைக்க. டோலி தூக்கிய அன்றைக்கு ராத்திரி ஆஸ்பத்திரி வாசலில் டீ குடிக்கும்போதுதான் இதையே சொன்னார். 220 அடிக்குப் பன்னிரண்டு அடி, ஆறு சென்ட் சொச்சம். அதே ஆறு சென்ட் நாங்கள் ஓடைக்கரையில் தருவது என்று பேசினோம். பரிவர்த்தனைப் பத்திரம்.

பேசியது 2023-இல். பட்டா இன்னும் இறந்தவர் பெயரில் இருந்தது, வாரிசுச் சான்று, கோயம்புத்தூரில் இருக்கிற இரண்டு தங்கைகளின் சம்மதம், உட்பிரிவு அளவை என்று இழுத்துக்கொண்டே போனது. கல்லுக்காலை மட்டும் அவர் அப்போதே பிடுங்கிவிட்டார்.

15 ஜூன்

உங்கள் இரண்டாவது நிலக்காரரும் வந்து கையெழுத்துப் போடுகிறார் என்று படித்ததும் அத்தையிடம் சொன்னேன். அந்தப் பதினோரு பேருக்கும் மிளகு நாற்று வேண்டுமா கேள் என்றார்கள். ஆடி பிறப்பதற்குள் நட வேண்டும், வேண்டுமென்றால் எழுதுங்கள்.

எங்கள் பரிவர்த்தனைப் பத்திரமும் நாளை மறுநாள் பதிவு. தங்கைகள் இரண்டு பேரும் கோயம்புத்தூரில் இருந்து நாளை ராத்திரியே வந்துவிடுகிறார்கள், எங்கள் வீட்டில்தான் தங்கல். கிழக்கு அறையையும் அடுத்த அறையையும் திறந்து, மெத்தையை வெயிலில் போட்டிருக்கிறேன்.

அத்தையும் கையெழுத்துப் போட வர வேண்டும். அந்தத் தம்பியே ஜீப்பை வாசலுக்கு ஏற்றிக் கூட்டிப் போகிறேன் என்றிருக்கிறார்.